மலைக்கு அனுப்பலாமா?



மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை. இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தோம். திருப்பண்ட அறையின் வாசலில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் வந்து நின்றது. தந்தை, தாய், தந்தையைப் பெற்ற மூதாட்டி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் ஆகிய நால்வர். தந்தையின் கையில் ஒரு தாள் இருந்தது. பள்ளியில் 40 மாணவ மாணவியரைக் கொல்லிமலைக்கு மூன்று நாள் அழைத்துச் செல்கின்றனர். காட்டு வழியே நடை, கூடாரத்தில் இரவு, பாறைச் சரிவில் கயிற்றைப் பிடித்து இறங்கும் பயிற்சி ஆகியவை உண்டு. பெற்றோர் இசைவு தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

"சாமி, இதிலே கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார் தந்தை. தாய் வாய் திறக்கவில்லை. மூதாட்டிதான், "பொம்பளப் பிள்ளைய மலைக்கு அனுப்பிட்டு நாங்க எப்படிச் சாமி கண்ணு மூடுறது?" என்று கேட்டார். மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெல்ல, "அண்ணன் போனப்ப யாரும் உங்களைக் கேக்க வரலையே, அப்பாயி" என்றாள்.

அன்று நாம் விடை கூறவில்லை. "புதன்கிழமை மாலை வாருங்கள், பேசுவோம்" என்று அனுப்பிவிட்டோம். விடை தெரியாமல் அவ்வாறு செய்யவில்லை. அந்தத் தாள் நம் வாழ்வில் நேர்ந்த இரு தவறுகளை நினைவூட்டிவிட்டது. அவற்றை இதுவரை இப்பகுதியில் எழுதியதில்லை. இம்மாதம் எழுதுகிறோம். அந்த ஒரு வீட்டாருக்கு மட்டுமன்றி, உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைப் பயிலவிட்டிருக்கும் எல்லாப் பெற்றோருக்கும் அது பயன்படக்கூடும்.

மீந்த ஓர் இலை

ஆண்டு 2001. குருப்பட்டம் பெற்று மூன்றாம் ஆண்டு. ஆற்றோரப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். புனித வாரம் முழுவதும் அயராது பணிபுரிந்த பீடச் சிறுவர் 24 பேரையும் மகிழ்விக்க விரும்பி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரம் ஆற்றங்கரைத் தோப்புக்கு அழைத்துச் சென்றோம். தயிர்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, இரண்டு பந்துகள் எல்லாம் கொண்டுபோனோம். கயிறு ஒன்று கொண்டுபோகவில்லை. ஆற்றின் இயல்பை ஊராரிடம் கேட்கவுமில்லை. கோடை நீர் முழங்கால் அளவே தெரிந்தது. அந்த நீருக்கடியில் மணல் அள்ளிய பள்ளங்கள் ஆளை விழுங்கும் ஆழத்தில் கிடந்ததை நாம் அறியோம்.

நண்பகலில் சிறுவருக்கென 24 இலைகளைப் போட்டோம். எல்லாரும் அமர்ந்த பின் ஓர் இலை மீந்தது.

"எவனப்பா வரவில்லை?" என்று கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனரே தவிர, விடை கூற எவராலும் இயலவில்லை. ஒவ்வொருவனும் அவன் மற்றவனோடு இருப்பதாகவே எண்ணியிருந்தான். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்நேரம் ஆற்றின் கீழ்ப்புறமிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், கிளை வளைக்கும் தம் துறட்டியை நீட்டி, பள்ளத்தில் மூழ்கிக்கொண்டிருந்த சிறுவனைச் சட்டையோடு கொளுவி இழுத்துக் கரை சேர்த்திருந்தார். பிள்ளை பிழைத்தான். அன்று மாலை அவன் தாய் வந்து, "நீங்க இருந்ததால பிழைச்சான் சாமி" என்று நம் கையைப் பற்றி அழுதார். அந்த நன்றியைப் போல் நம்மைச் சுட்ட சொல் வேறில்லை.

அன்றிரவு லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். பாஸ்கா விழாவுக்குப் பெற்றோருடன் எருசலேம் சென்ற 12 வயதுச் சிறுவன் இயேசு, திரும்பும் வழியில் காணாமற்போகிறார். மரியாவும் யோசேப்பும் கவலையற்ற பெற்றோர் அல்லர். ஆயினும் ஒரு நாள் வழி நடந்து முடியும்வரை அவர்கள் தேடவில்லை. காரணம் ஒன்றே: பயணக் கூட்டத்தில் எங்கேனும் இருப்பார் என்ற எண்ணம். திருக்குடும்பத்திற்கே நேர்ந்த பிழை இது. 'கூட்டத்தில் இருப்பான்' என்பதே பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வோர் அனைவரையும் சூழும் முதற் சோதனை என்பதை அன்று கற்றோம்.

இரண்டாம் தவறு

ஆனால், கற்றதைத் தவறாகவே பயன்படுத்தினோம். அடுத்த எட்டு ஆண்டுகள், பணியாற்றிய பங்குகளில் எல்லாம் பிள்ளைகளின் சுற்றுலா, முகாம், மலைநடை எவற்றுக்கும் இசைவு தரவில்லை. பீடச் சிறுவருக்கு விருந்தென்றால் பங்கு மண்டபத்தில் பிரியாணி, அவ்வளவே. விவேகம் என்று நாம் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். உண்மையில், தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனின் அச்சமே அது. பிள்ளைகளைக் காப்பதாக எண்ணி நம்மை நாமே காத்துக்கொண்டோம்.

2009-ஆம் ஆண்டு மே மாதம் நம் கண் திறந்தது. அப்போது நாம் இருந்த பங்கின் எல்லையில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. அதில் மழைநீர் தேங்கி ஆழக் குட்டையாகிக் கிடந்தது. விடுமுறையில் பொழுது போகாத சிறுவர் நால்வர் வீட்டாருக்குச் சொல்லாமல் அங்கே சென்றனர். மூவர் திரும்பினர். இறந்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். நம் மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்தவன். அவனுடைய அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். "நீந்தத் தெரியாது சாமி, சும்மா எறங்கிப் பாக்கலாம்னுதான்..." என்று விம்மினான் அவன் நண்பன்.

'தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள்' என்று அந்தப் பிள்ளைக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தோம். தண்ணீரைப் பற்றி ஒரு முறையேனும் சொல்லிக் கொடுத்தோமில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் மலையும் ஆறும் பிள்ளையை அழைக்கத்தான் செய்யும். நாம் அழைத்துச் செல்லாவிடில் அவனே செல்வான். அப்போது உடன் எண்ணுவதற்கு ஒருவரும் இரார்.

கடல் கற்பித்த பாடம்

இதே உண்மையை வேறொரு வழியில் கண்டவர் குர்ட் ஹான் என்னும் கல்வியாளர். ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லரை எதிர்த்ததால் 1933-இல் சிறைப்பட்டு, பின் பிரிட்டனில் குடியேறி, 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். இரண்டாம் உலகப் போரின்போது வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டு மூழ்கின. உயிர்காப்புப் படகுகளில் ஏறியோரிடையே, உடல் வலிமை மிக்க இளம் மாலுமிகள் மடிய, கடலில் பழகி முதிர்ந்தவர்கள் தாக்குப்பிடித்ததைக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட் கண்டார். உடலில் வலிமை இருந்தும், இடர் வந்தபோது நிலைகுலையாமை அந்த இளைஞர்களுக்குப் பழக்கப்படவில்லை என்று கருதினார். அவருடைய துணையுடன் 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடலோர ஊரில் 'அவுட்வர்டு பவுண்டு' பள்ளியைத் தொடங்கினார் ஹான். ஏறத்தாழ ஒரு மாதம் படகு, மலை, மீட்புப்பணி ஆகியவற்றில் இளைஞர் பயின்றனர். இன்று பல நாடுகளில் பள்ளி மாணவர் மலைக்கும் நீருக்கும் சென்று பயிலும் முறைக்கு அது ஒரு முன்னோடி. பொழுதுபோக்குக்காக அன்று, உயிர் பிழைப்பதற்காகவே அது தொடங்கப்பட்டது என்பதைப் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும்.

நம் திருச்சபைக்கும் மலை புதிதன்று. பின்னாளில் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதராகிய அருட்திரு அக்கீலே ராத்தி, 1889-இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோந்தே ரோசா சிகரத்தைக் கடினமான கிழக்கு முகத்தின் வழியே ஏறினார். உச்சிக்கு அருகில் கடுங்குளிரில் பாறை விளிம்பொன்றில் இரவைக் கழித்தார். ஆயினும் தேர்ந்த வழிகாட்டிகள் இருவரின்றி அவர் அம்மலையில் கால் வைக்கவில்லை. திருத்தந்தையான பின் 1923-இல் மெந்தோன் நகரப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. போலந்து நாட்டில் பொதுவுடைமை அரசு குருக்களை இளைஞரிடமிருந்து பிரிக்க முயன்ற காலத்தில், அருட்திரு கரோல் வொய்த்திவா மாணவ மாணவியருடன் மலைக்கும் ஆற்றுக்கும் சென்றார். கவிழ்த்து வைத்த படகே திருப்பலிப் பீடமாயிற்று. குரு என்று பிறர் அறியாதிருக்க, இளைஞர் அவரை 'மாமா' என்றே அழைத்தனர். 1958-இல் துணை ஆயராக நியமிக்கப்பட்ட செய்தியை அறிய அவர் வார்சாவுக்கு அழைக்கப்பட்டதும் அத்தகைய படகுப் பயணம் ஒன்றின் இடையிலேயே. அவரே புனித இரண்டாம் அருள் சின்னப்பர். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பெற்ற பியர் ஜார்ஜோ பிரசாத்தியும் மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்ட இளைஞரே.

அலட்சியம் கொல்லும்

அவ்வாறாயின், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடலாமா? கூடாது. ஏன் கூடாதென்பதை நான்கு நிகழ்ச்சிகள் உரைக்கும்.

1993 மார்ச் 22 அன்று, இங்கிலாந்தின் தென்கரையில் லைம் வளைகுடாவில் பள்ளி மாணவர் எண்மர், ஆசிரியர் ஒருவர், பயிற்றுநர் இருவர் சிறு துடுப்புப் படகுகளில் கடலில் இறங்கினர். ஆசிரியரின் படகு கவிழ, பயிற்றுநர் ஒருவர் அவருக்குத் துணை நின்றார். மற்றவரோடு இருந்த மாணவர்களைக் காற்று கடலுக்குள் இழுத்துச் சென்றது. ஆபத்தை அறிவிக்கும் தீக்குச்சி வாணம் அவர்களிடம் இல்லை. உரிய வேளையில் கரை சேராதவர்களைப் பற்றி அபாய அறிவிப்புச் செய்வதிலும் நெடுநேரம் கடந்தது. நான்கு பிள்ளைகள் இறந்தனர். அந்த மையத்தின் பாதுகாப்புக் குறைகளை, அங்குப் பணியாற்றிய பயிற்றுநரே முந்தைய ஆண்டில் எழுத்து மூலம் எச்சரித்திருந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பாளர் சிறைத்தண்டனை பெற்றார். 1995-இல் பிரிட்டன் தனிச் சட்டம் இயற்றி, இளையோருக்கு இத்தகைய பயிற்சிகளை நடத்தும் மையங்கள் ஆய்வுக்கு உட்பட்டு உரிமம் பெற வேண்டுமென விதித்தது.

நம் நாட்டிலும் இவ்வாறான துயரங்கள் உண்டு. 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காடு அருகே பெரியாற்றில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 பிள்ளைகளும் 3 ஆசிரியரும் மாண்டனர். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவரும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். இரண்டிலும் படகு தாங்கும் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றப்பட்டது. ஹர்ணியில் 'லைஃப் ஜாக்கெட்' எனப்படும் மிதவை அங்கி பலருக்கு அணிவிக்கப்படவே இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலைநடை சென்றோரைக் கோடைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவர்கள் பள்ளி மாணவர் அல்லர். ஆயினும் புல் காய்ந்து கிடக்கும் பருவத்தில் மலை எப்படி மாறும் என்பதை அது நமக்குக் காட்டிற்று.

இவற்றில் எதிலும் பிள்ளைகளின் துணிவு குற்றமன்று. பெரியோர் எவரோ ஒருவர், 'மற்றவர் பார்த்திருப்பார்' என்று விட்டுவிட்டதே குற்றம். இங்கே நம்மவரிடையே வழங்கும் ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறோம். விசுவாசத்தின் சொல்தான். ஆனால், தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, 'குதியும், வானதூதர் தாங்குவர்' என்று அலகை தூண்டியபோது, அது கடவுளைச் சோதிப்பதாகும் என்று ஆண்டவர் மறுத்தார். கயிறின்றி, மிதவையின்றி, எண்ணிக்கையின்றிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காவல் தூதரை நம்புவது அந்தக் குதிப்பேயாகும். முன்மதியை மற்ற நற்பண்புகளின் தேரோட்டி என்று திருச்சபை கற்பிக்கிறது. துணிவு என்னும் குதிரைக்குத் தேரோட்டி வேண்டும். குதிரையைக் கொட்டிலிலேயே கட்டி வைப்பது தேரோட்டியின் வேலையன்று.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

புதன் மாலை வந்த அந்தப் பெற்றோரிடம், "போகலாமா என்று எம்மைக் கேட்பதைவிட, இவற்றைப் பள்ளியில் கேளுங்கள்" என்று ஐந்து கேள்விகளை எழுதித் தந்தோம்.

முதலாவது: அழைத்துச் செல்பவர் யார்? கயிற்றையும் நீரையும் கையாளும் பயிற்றுநர் எங்கே பயின்றவர், அவருடைய சான்றினைப் பள்ளி நேரில் சரிபார்த்ததா? 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேசிய மாணவர் படையின் பெயரால் ஒரு போலி முகாம் நடந்து, அங்கே சிறுமியர்க்குக் கொடுமை இழைக்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. சீருடையைக் கண்டு நம்புவது போதாது.

இரண்டாவது: எப்போது, யாரிடம், எத்தனை முறை எண்ணுவீர்கள்? தலையை எண்ணினால் போதாது. பெயர் சொல்லி அழைத்து எண்ண வேண்டும். சீடரை ஆண்டவர் இருவர் இருவராக அனுப்பினார். அவ்வாறே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இணை இருக்க வேண்டும். தன் இணை எங்கே என்று எந்த நொடியிலும் அவன் கூற வேண்டும்.

மூன்றாவது: மழையோ காட்டுத்தீ அச்சமோ வந்தால் திட்டம் என்ன? வனத்துறையின் அனுமதி உண்டா? பாதியில் திரும்பும் அதிகாரம் யாருக்கு? பணம் கட்டியாயிற்று என்பதற்காக மழையில் நடப்பவர் நல்ல தலைவர் அல்லர்.

நான்காவது: விபத்து நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம்? பாம்புக்கடிக்கு மருந்து அங்கே உண்டா? மலையில் கைப்பேசிக்கு அலை கிட்டாத இடங்கள் உண்டு; 108-ஐ அழைக்க இயலாதபோது இரவில் வண்டி நிற்குமா?

ஐந்தாவது: அஞ்சுகிற பிள்ளையை என்ன செய்வீர்கள்? கயிற்றில் இறங்க அஞ்சி நிற்பவனைக் கேலி செய்து தள்ளுவது பயிற்சியன்று. 'இன்று என்னால் முடியாது' என்று கூறும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். அவ்வுரிமை உள்ள இடத்தில்தான் உண்மையான துணிவு வளரும்.

பெற்றோர் தம் பங்கிற்குச் செய்யவேண்டியதும் உண்டு. பிள்ளையின் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை போன்றவற்றை வெட்கத்தாலோ, அனுப்ப மாட்டார்கள் என்ற அச்சத்தாலோ மறைத்துக் கையெழுத்திடுவது பெரும்பிழை.

மகளுக்கு ஒரு நீதியா?

மூதாட்டியின் கேள்விக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அவருடைய அச்சம் இழிவானதன்று. பெண்பிள்ளைக்கு நேரக்கூடிய தீங்குகளை அவர் தம் வாழ்நாளில் கண்டவர். ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து, மகளை வீட்டில் நிறுத்துவதன்று. தங்குமிடம் தனியா, பெண் ஆசிரியர் எத்தனை பேர், இரவில் காவல் யார் என்று கேட்பதே மருந்து. மகனுக்கும் இக்கேள்விகளைக் கேட்க வேண்டும்; சிறுவரும் பாதுகாப்புக்கு உரியவரே. மகன் சென்றபோது ஒன்றும் கேளாமல் அனுப்பியதும், மகள் செல்லும்போது ஒன்றும் கேளாமல் மறுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டிலும் கேள்வி கேட்கும் உழைப்பை நாம் தவிர்த்துவிடுகிறோம். இதை மூதாட்டியிடம் கூறியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "அப்ப நானும் வரேன், கேக்கலாம்" என்று மகனிடம் சொன்னார்.

மூவரும் பள்ளிக்குச் சென்றனர். ஐந்தில் மூன்று கேள்விகளுக்கு நல்ல விடை கிடைத்தது. மருத்துவமனை பற்றியும் இரவு வண்டி பற்றியும் பள்ளியார் எண்ணிப் பார்க்கவே இல்லை. பெண்பிள்ளைகள் 18 பேருக்கு ஆசிரியை ஒருவரே என்பதும் அப்போது தெரிந்தது. பள்ளியார் சினங்கொள்ளவில்லை, பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்து, இன்னும் ஓர் ஆசிரியையையும் ஒரு வண்டியையும் ஏற்பாடு செய்தனர். தந்தை கையெழுத்திட்டார்.

மகள் முழங்கையில் ஒரு சிராய்ப்புடன் திரும்பினாள். முதல் நாள் கயிற்றில் இறங்க மறுத்தாளாம், யாரும் வற்புறுத்தவில்லையாம். மூன்றாம் நாள் தானே கேட்டு இறங்கினாளாம். "பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போச்சு சாமி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை!" என்று அவள் குறைப்பட்டுக்கொண்டபோது, நம் உள்ளம் ஆண்டவருக்கு நன்றி கூறிற்று.

நம் பங்கிலும் வரும் கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு, தேர்ந்த பயிற்றுநரைக் கொண்டு நீச்சல் கற்பிக்கவும், நிறைவில் ஒரு நாள் மலைநடைக்கு அழைத்துச் செல்லவும் எண்ணியுள்ளோம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் உண்டு. உடன் வந்து எண்ணுவதற்குத் தந்தையர் நால்வரும் தாய்மார் நால்வரும் தேவை. பெயர் தர விரும்புவோர் பங்கு இல்லத்தில் தெரிவிக்கலாம். வருவதற்கு முன் அந்த ஐந்து கேள்விகளையும் எம்மிடமும் கேளுங்கள். விடை கூற இயலாமற்போனால் நாமும் பயணத்தைத் தள்ளிவைப்போம்.

நண்பகலில் இலை போடும்போது, அமர்ந்த பிள்ளைகளையும் போட்ட இலைகளையும் நாமே எண்ணுவோம்.

நாசரேத்துத் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களுக்கும் பிள்ளைகளின் வழிகளுக்கும் துணை நிற்பதாக.